முத்திரை உடைந்த பெட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம், இடது முழங்கால் மட்டும் அவரோடு ஒத்துப்போகவில்லை. நீ நலமா என்று கேட்கிற யோக்கியதை இந்த வாரம் எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். ஆறு நாளாக நீ போனை எடுப்பதில்லை, வேலையில் இருக்கிறேன் பிறகு பேசுகிறேன் என்று செய்தி மட்டும் வருகிறது. அதை நீ உட்கார்ந்து அடிக்கிறாயா, போனே தானாக அனுப்புகிறதா என்றுகூடத் தெரியவில்லை. நீ எடுத்திருந்தாலும் நான் எழுதத்தான் செய்திருப்பேன். வாயால் சொல்வது பேச்சு, எழுத்தில் கொடுப்பதுதான் அறிக்கை என்று முப்பத்தொரு வருடம் குழாய்த் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் எல்லோர் காதும் புளிக்கும்படி சொன்னவள் நான். அப்படிப்பட்டவள் இருபதாம் தேதி போனில் வாயால் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். அது தவறான தீர்ப்பு. அதை எழுத்தில் திரும்பப் பெறத்தான் இந்தக் கடிதம். முப்பதாம் தேதிக்குள் நீ அந்தப் பெரிய கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டும் என்பது எனக்கு நினைவிருக்கிறது, இன்று இருபத்தாறு, ஆகவே இதை மெயிலில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்ட தாள் தபாலில் பின்னால் வரும். முழுவதும் படித்து முடிக்காமல் அவர்களுக்கு ஒரு வரிகூட எழுதாதே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் தெரியாததும் கலந்துதான் வரும், சலித்துக்கொள்ளாதே. போன வருடம் நீ அந்தப் பெரிய கம்பெனியை விட்டுவிட்டு ஒன்பதே பேர் இருக்கிற ஒரு இடத்துக்குப் போகிறேன் என்றபோது இந்த வீட்டில் யாரும் கைதட்டவில்லை. அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டோம். லேப்டாப் விற்கிறோம், ஊரெல்லாம் ஓடுகிற அந்த வழக்கமான மென்பொருளைப் போடாமல், பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் திருத்தலாம் என்று விட்டுவைத்திருக்கிற ஒரு இயங்குதளத்தை முன்கூட்டியே போட்டு விற்கிறோம் என்றாய். ஓசியில் கிடைப்பதைப் போட்டு விற்பதற்கு ஒரு கம்பெனியா என்று உன் சித்தப்பா கேட்டார். நான் அவரை அடக்கவில்லை, உள்ளுக்குள் எனக்கும் அதே நினைப்புதான். பழைய கம்பெனியின் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு நிமிடம் நின்று கேட்பார், இதன் பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே கதவைச் சாத்துவார். பிறகு பழைய இடத்திலிருந்தே உன்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள், முன்னைவிடப் பெரிய பதவி என்றாய், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நீதான் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டாய். எங்கள் லேப்டாப் ஒன்றை அனுப்புகிறேன், ஒரு மாதம் புழங்கிப் பார், உன்னைப்போல ஒருத்தி அதை வீட்டில் வைத்துக்கொள்வாளா மாட்டாளா என்று உள்ளதைச் சொல், மாட்டாள் என்றால் நான் பழைய இடத்துக்கே போய்விடுகிறேன் என்றாய். பெட்டியைத் திறந்தால் யார் துணையும் இல்லாமல் அது வேலை செய்யவேண்டும், அதைப் பார்த்துக்கொள்வதுதான் அங்கே என் வேலை என்றும் சொன்னாய். நான் சரி என்றேன், ஆனால் ஒரு நிபந்தனை. செய்தவர் சோதனை அறைக்குள் வரக்கூடாது. அது எங்கள் தொழிற்சாலைச் சட்டம், ஏனென்றால் குழாயை வார்த்த ஆள் பக்கத்தில் நின்றால் கசிவைக் காட்டுகிற குமிழி வரும்போதெல்லாம் அது ஒன்றுமில்லை மேடம் என்பான். ஆகவே ஒரு மாதம் லேப்டாப்பைப் பற்றி நீ வாய் திறக்கக்கூடாது, நானும் எதுவும் கேட்கமாட்டேன் என்று முடிவாயிற்று. என்ன நேர்மை என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பெட்டி வந்த அன்று உன் சித்தப்பா இங்கே இருந்தார். எப்போது அவர் இல்லை? இந்த வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் எங்களுக்கு முன்னால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்தை மாட்டித் தருகிறேன் என்று சமையலறைச் சுவரில் அவர் போட்ட ஆறு துளைகளில் இரண்டுதான் பயன்பட்டன, மற்ற நான்கிலும் எறும்பு குடித்தனம் நடத்துகிறது. நான் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவருவதற்குள், விடுங்க அண்ணி, புது கம்ப்யூட்டரை அப்படியே திறக்கக் கூடாது, முதல்ல லோடு பண்ணணும் என்று பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார். லோடு பண்ணுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, புது வண்டிக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி ஏதோ என்று நினைத்தேன். அவனுக்குத் தெரிந்த ஒருவர் கடை வைத்திருக்கிறார் போகட்டும் விடு என்றார் உன் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். மறுநாள் பெட்டி திரும்பி வந்தது, மேலே ஒட்டியிருந்த பட்டை அறுபட்டிருந்தது. முத்திரை உடைந்த பெட்டியைச் சோதனைக்கு எடுக்காதே, எந்த வார்ப்பு எந்தத் தேதி என்று சீட்டைப் பார்க்காமல் தொட்டியில் இறக்காதே என்று புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருத்திக்கும் முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்த வாய் இது. அந்த அறுந்த பட்டையை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, லேப்டாப்பை வெளியே எடுத்துக்கொண்டு பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

என் முறை உனக்குத் தெரியும். குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி உள்ளே காற்றை அடிப்போம், குமிழி வந்தால் எடுத்துத் துடைத்துச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் குறி. தேறவே தேறாது என்றால் உலைக்கு, பழுது பார்த்தால் தேறும் என்றால் திருத்தத்துக்கு. தேறியதற்குக் குறி கிடையாது, பேசாமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம். உன் மதிப்பெண் அட்டைகளையும் நான் அப்படித்தான் பார்த்தேன் என்று நீ ஒருமுறை அழுதிருக்கிறாய். அதே பென்சிலோடு உட்கார்ந்தேன். முதல் நாளே என் பெயர் கேட்டது, மெயில் கேட்டது, போன் நம்பர் கேட்டது, கொடுக்காமல் மேலே போகமுடியாது என்றது. குழாயைத் திறக்கப் போனால் குழாய் என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டால் எப்படி இருக்கும்? பிழை ஒன்று. வலது பக்கம் கீழ் மூலையில் செயல்படுத்தவும் செயல்படுத்தவும் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி நிரந்தரமாக நின்றது, அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறதே, இன்னும் எதைச் செயல்படுத்த? பிழை இரண்டு. கடிதம் அடிக்க உட்கார்ந்தால் இடது மூலையிலிருந்து ஒரு நடிகையின் விவாகரத்து எட்டிப் பார்த்தது, அதை மூடினால் தொப்பையைக் குறைக்க ஒரு வழி வந்தது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்று தினம் இருமுறை மிரட்டியது, எந்த ஆபத்து என்று கேட்டால் பணம் கட்டு சொல்கிறேன் என்றது. ஒரு நாள் பாதி வாக்கியத்தில் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, மேம்படுகிறேன் காத்திரு என்று நாற்பது நிமிடம் உள்ளே போய் அலங்காரம் செய்துகொண்டு வந்து, முன்னைவிட மெதுவாக நடந்தது. இப்படிப் பதினேழு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு பிழையும் அகப்படும்போது எனக்கு உற்சாகமாக இருந்தது. இருபது சேர்ந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். நீ திரும்பிப் போய்விடுவாய், டீச்சர் மறுபடியும் நின்று கேட்பார். தொட்டியில் இறக்குவதற்கு முன்பே பென்சிலைக் கையில் எடுத்துவிட்டேன் என்பதுதான் நிஜம்.

இருபதாம் தேதி உன்னைக் கூப்பிட்டு, நீ அனுப்பிய சரக்கு உலைக்குப் போகவேண்டியது, பதினேழு பிழை, எழுத்தில் பின்னால் வரும் என்றேன். என்னென்ன என்று கேட்டாய், செய்தவருக்கு அறிக்கைக்கு முன்னால் சொல்வதில்லை என்றேன். ஒண்ணுகூட நல்லா இல்லையாம்மா என்றாய். தேறியதற்குக் குறி கிடையாது என்று உனக்குத் தெரியாதா என்றேன், இப்போது நினைத்தால் என் நாக்கை நானே கிள்ளிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பிறகு, சரிம்மா, அப்ப நான் அங்கேயே போயிடறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால் எனக்குப் பழக்கம். ஒன்றுமே செய்யாமல் வைத்துவிட்டாயே, அது எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு அறிக்கையைச் சுத்தமாக அடித்து முடித்தேன், அப்படிப்பட்ட பிறவி நான். பரண்மேல் கிடந்த உன் பள்ளிக்கூடக் காலத்துப் பிரிண்டரை இறக்கித் துடைத்து மாட்டினேன். இது பழைய கருவி, புதிதாக வாங்குங்கள் என்றது லேப்டாப். பதினெட்டு.

ஒரு சரக்கு முழுவதையும் உலைக்கு அனுப்புவதென்றால் எங்கள் சட்டப்படி ஒரு கையெழுத்து போதாது, தொழில் தெரிந்த வெளியாள் ஒருவர் பட்டியலைப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடவேண்டும். அதற்கும் குறை வைக்கக்கூடாது என்று மறுநாள் காலை பட்டியலைக் கையால் எழுதிக்கொண்டு, லேப்டாப்பைக் காய்கறிப் பையில் வைத்துக்கொண்டு, உன் சித்தப்பா 'டாக்டர்' என்று கொண்டாடுகிற அந்தக் கடைக்காரரிடம் போனேன். மருந்துக்கடைக்கும் குடை பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே இரண்டு ஆள் அகலம். பழைய கீபோர்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி அதன்மேல் டீ குடித்த கோப்பைகள். மின்விசிறி வாடிக்கையாளரைப் பார்க்காமல் கம்ப்யூட்டர்களைப் பார்த்துச் சுற்றுகிறது. டாக்டர் என் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே படித்தார், படிக்கப் படிக்கச் சிரித்தார். பிறகு சொன்னார்: "இந்தப் பதினெட்டுல ஒண்ணுகூட உங்க பொண்ணு அனுப்பினது இல்லைம்மா. இதெல்லாம் நான் போட்ட வழக்கமான மென்பொருளோட வேலை. வந்ததை அன்னைக்கே அழிச்சாச்சு."

ஏன் அழித்தீர்கள் என்று கேட்டேன். எல்லாருக்கும் அப்படித்தாம்மா, அந்த மாதிரி வந்தா பெட்டியைப் பிரிச்சதும் முதல் வேலையே அழிக்கிறதுதான் என்றார், மீனுக்குச் செதில் எடுப்பதைச் சொல்கிற மாதிரி. அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது அதை ஓடவிட்டுப் பார்த்ததுண்டா என்றேன். அதுக்கு எங்கம்மா நேரம் என்றார். இத்தனை வருடத்தில் ஒரு தடவை? இல்லை, தேவைப்பட்டதில்லை. சரி, அந்த மூலையில் செயல்படுத்தவும் என்று நிற்கிறதே அது என்ன என்றேன். அது காசு குடுத்து வாங்காத காப்பிம்மா, அப்படித்தான் சொல்லிட்டிருக்கும், கண்டுக்காதீங்க என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார். நோயில்லாத பிள்ளைக்கு ஆபரேஷன் செய்துவிட்டு இறப்புச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட வருகிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன். பட்டியலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு மாதம் நீ உட்கார்ந்து, பெட்டியைத் திறந்ததும் என்ன தெரியவேண்டும், எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்ததை அந்த மனிதர் டீ ஆறுவதற்குள் துடைத்துவிட்டார். உன் சித்தப்பாவைக் கேட்டேன். அது ஓசி சாமான் அண்ணி, நான் உங்களுக்கு ஒரிஜினலைப் போட்டுக் குடுத்தேன் என்றார். காசு கொடுக்காமல் எடுத்ததை ஒரிஜினல் என்கிறார், காசு கேட்காமல் கொடுத்ததை ஓசி என்கிறார். இந்த மனிதர் முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தினார் என்பதை நினைத்தால் அந்தப் பிள்ளைகள்மேல் பரிதாபம்தான் வருகிறது. ஆனால் யாரைத் திட்டி என்ன? பார்க்காமல் அழித்தவர் டாக்டர், பார்க்காமல் பழித்தவர் சித்தப்பா, இருவரையும்விடப் பெரிய ஆள் நான்தான், வேறொருவன் வார்த்த குழாயைத் தொட்டியில் முக்கிவிட்டு என் பெண்ணின் முகத்தில் சிவப்புக் குறி போட்டவள். முப்பத்தொரு வருடத்தில் நான் மாறிப்போன சரக்கைச் சோதித்ததே இல்லை. முதல் தடவை செய்தது உன் சரக்கில்.

அன்றே உனக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. நான் சொன்னது தப்பு என்று மட்டும் எழுதினால், அம்மா சமாதானம் செய்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வாய். சமாதானத்தை வைத்துக்கொண்டு நீ எந்த முடிவும் எடுக்கக்கூடாது. சரியான சரக்கைச் சோதித்துவிட்டுத்தான் பேசுவது என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். அடி அட்டையைத் தூக்கினால், உன் கையெழுத்தில் ஒரு தாள், ஏதாவது தவறாகப் போனால் என்று தலைப்பு, அதோடு உன் இயங்குதளத்தை மறுபடி ஏற்ற ஒட்டிவைத்த ஒரு பென் டிரைவ். டாக்டர் அந்த அட்டையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, அவருடைய சோம்பேறித்தனம் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவியது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து நானும் உன் அப்பாவும் ஒன்பது படிகளையும் வரிசையாகச் செய்தோம். ஐந்து வரை ஒழுங்கு. ஆறாவது படியில், கேட்டால் ஆம் என்று சொல்லவும் என்று எழுதியிருக்கிறாய். எது கேட்டால்? அது அடுத்தடுத்து இரண்டு கேள்வி கேட்கிறது, ஒன்றில் ஆம் என்பதே இல்லை, தொடர் என்றுதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் நான் அந்தத் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில், கேட்டால் ஆம் என்று சொல்வதில் நாற்பது வருட அனுபவம் உள்ள உன் அப்பாதான் துணிந்து அழுத்தினார். இதில் இருக்கிற எல்லாவற்றையும் அழிக்கலாமா, உறுதியாகத்தானா என்று அது இன்னொரு தடவை கேட்டது. டாக்டர் கேட்கவில்லை, சித்தப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, இது கேட்டது. அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், உன் அப்பாவிடம் தூசி என்றேன்.

பிறகு ஐந்து நாள், காலை ஷிஃப்ட் நான், மாலை ஷிஃப்ட் உன் அப்பா, இருவருக்கும் தனித்தனி நோட்டு. இப்போது உண்மையான பட்டியலைக் கேள், இனிப்பாக இருக்கும் என்று நினைக்காதே. பதினொன்று இருக்கிறது. ஆறாவது படி முதல் பிழை. மூடியைச் சாத்திவிட்டுத் திறந்தால் நாலு தடவைக்கு ஒரு தடவை திரை கறுப்பாகவே கிடக்கிறது, எழுப்புவதற்குள் நான் எழுத வந்ததை மறந்துவிடுகிறேன். தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி, ஒரே பட்டியலில். அந்தத் தமிழும் யார் வீட்டுத் தமிழோ, அமர்வை முடி என்கிறது, என்னை எழுந்து போகச் சொல்கிறதாக்கும் என்று நினைத்தேன். பாட்டுக் கேட்க ஏழு செயலிகள் காட்டுகிறது, எது நல்லது என்று ஒன்றாவது சொல்லக்கூடாதா, அத்தனையும் ஒரே மாதிரி நின்று விழிக்கின்றன. உன் அப்பா ஆடுகிற சீட்டாட்டத்தில் சீட்டுகள் அரிசியளவு இருக்கின்றன, அவர் ராஜாவை ராணி என்று நினைத்து மூன்று ஆட்டம் தோற்றார், தோற்றதற்கு அதுதான் காரணம் என்று அவருடைய நோட்டில் எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் பெரியது, பென்ஷன் ஆபீசுக்கு வருடா வருடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று கைரேகை வைத்து அனுப்பவேண்டுமே, அந்தக் கைரேகைக் கருவியை மாட்டினால் இது திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறது. கருவியைச் செய்தவன் உங்கள் இயங்குதளத்துக்கென்று எதுவும் எழுதித் தரவே இல்லையாம், நீ சொல்லப்போகும் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். காரணம் எதுவாக இருந்தாலும், நீ அனுப்பிய சாமான் உன் அம்மா உயிரோடு இருப்பதை ஒப்புக்கொள்ளவில்லை. மீதி ஐந்தையும் தாளில் இணைத்திருக்கிறேன். அப்புறம் அந்தப் பழைய பிரிண்டர். பிழை எண் பன்னிரண்டு என்று முன்கூட்டியே எண்ணை எழுதி வைத்துக்கொண்டுதான் கம்பியைச் செருகினேன். மூக்குக்கண்ணாடியை எடுக்க உள்ளே போய் வருவதற்குள் தாள் வெளியே வந்து கிடந்தது. பன்னிரண்டை அடித்துவிட்டேன். போன் நம்பர் கேட்கிறதா என்று ஐந்து நாளும் காத்திருந்தேன், நடிகைக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியவில்லை. இதைப் பற்றியெல்லாம் எழுத எனக்கு ஒன்றுமில்லை. எழுத ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

உன் சித்தப்பா நேற்று வந்தார், உன் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, நான் அன்னைக்கே சொன்னேனே என்றார். எதைச் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. இனி இந்த வீட்டுக்கு வருகிற எந்தப் பெட்டியையும் அவர் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே என் மசாலாப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே தீர்ப்பு. இருபதாம் தேதி உலைக்கு என்று சொன்னது செல்லாது, அந்தப் பதினெட்டில் ஒன்றும் உன்னுடையது அல்ல. என்னைப்போல ஒருத்தி இதை வீட்டில் வைத்துக்கொள்வாளா என்று கேட்டாயே, வைத்துக்கொண்டுவிட்டாள், திருப்பி அனுப்பச் சொன்னால் தரமாட்டாள். இந்தக் கடிதத்தை அதில்தான் அடித்தாள். ஆனால் தேறிவிட்டது என்று பேசாமல் தள்ளிவிட மனம் வரவில்லை, பதினொன்று இருக்கிறதே. உனக்கே அந்தப் பெரிய இடத்துக்குப் போகத்தான் ஆசை என்றால் போ, நான் குறுக்கே நிற்கமாட்டேன், ஆனால் அம்மா சொன்னாள் என்று போகாதே. என் பேச்சைக் கேட்டு நீ ஒரு வேலையை விட்டாய் என்றால் எனக்கு இந்த ஜென்மத்தில் தூக்கம் வராது. பழைய கைப்பையைக் கிளறியதில் தொழிற்சாலையின் திருத்தச் சீட்டு ஒன்று அகப்பட்டது, மஞ்சள் அட்டை, மூலையில் நூல் கட்ட ஓட்டையோடு. அதை நிரப்பித் தபாலில் வரும் தாளோடு வைத்திருக்கிறேன். பொருள் என்ற இடத்தில் லேப்டாப் என்றும், பிழை என்ற இடத்தில் பதினொன்று என்றும் எழுதினேன். அதற்குக் கீழே திருத்துபவர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பெயர் இல்லாத சீட்டு எங்கள் மேசையை விட்டு நகராது, ஏனென்றால் திருத்த ஆள் இல்லாத சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடைசியில் உலைக்குத்தான் போகும். அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். பேனாவால்தான் எழுதினேன், சிவப்புப் பென்சிலைத் தொடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே, கோபம் இருந்தால் திட்டி எழுது, ஆனால் எழுத்தில் எழுது. நீ எங்கே இருந்தாலும் எடுத்த காரியம் கூடிவரவேண்டும், கண்ணும் கையும் சோராமல் இருக்கவேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். முப்பதாம் தேதி மறவாதே. அதற்கு முன்னால் ஆறாவது படியைத் திருத்து, இன்னொருத்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இன்னொரு அம்மா அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறாள்.

இப்படிக்கு,
அம்மா
(தர ஆய்வு, ஓய்வு)

இரண்டாவது கையெழுத்து: அப்பா. திருத்தத்துக்கு இரண்டாவது கையெழுத்து தேவையில்லை என்று சொன்னேன், கேட்கவில்லை, நானும் போடுவேன் என்று போட்டுவிட்டார்.